தசமி வரைக்கும்

வெளிச்சம் இன்னும் வரவில்லை. மழை வந்துவிட்டது.

பால் சொசைட்டியின் தகரக் கூரை மேல் மழை. கூரைக்குக் கீழே ஒரு டியூப்லைட். டியூப்லைட்டுக்குக் கீழே பால். கேன் கேனாக, வரிசையாக, வெள்ளையாக.

ஐப்பசி விடியல் இப்படித்தான். கறுப்பும் வெள்ளையும் மட்டும். மற்ற நிறங்கள் எல்லாம் எட்டு மணிக்கு மேல் மெதுவாக வந்து சேரும்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஊர் நிற்கிறது. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குடைக்குள் ஒடுங்கிக்கொண்டு. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கோகிலாமணி நிற்கிறாள். பால் டெஸ்டர். ஊற்றுகிறவர்களின் பாலில் ஒரு சின்னக் கிண்ணம் எடுத்து மெஷினில் வைப்பாள். பாலில் எத்தனை கொழுப்பு என்று மெஷின் எண் காட்டும். அதை அவள் உரக்கச் சொல்வாள்.

"மூணு எட்டு."

"நாலு ஒண்ணு."

நல்ல எண்ணோ கெட்ட எண்ணோ, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். தண்ணீர் கலந்தவர் தலையைச் சொறிவார். கலக்காதவரும் சண்டைக்கு வருவார். வரட்டும். உங்கள் மாடு, உங்கள் பால், உங்கள் எண். உங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். மழை பெய்கிறது, போய்விட்டு நாளைக்கு வாருங்கள், சொல்கிறேன் என்று அவள் ஒருவரையும் அனுப்பியதில்லை.

அவளுடைய எண் மட்டும் இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை ஈரோட்டுக்குப் போய் மெஷினில் மார்பை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். இன்று வியாழன். ரிப்போர்ட் வந்ததா என்று தினமும் கேட்கிறாள். புருஷன் சென்னியப்பன் தினமும் ஒரே பதிலைச் சொல்கிறார்.

"இன்னும் வரல அம்மணி."

நாலு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி. இடது மார்பில் ஒரு கட்டி. புற்று. கட்டியை வெட்டி எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். முடி போனது, முடி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். சரியாகிவிட்டது என்று சொன்ன அதே வாயால், வருஷா வருஷம் வந்து படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள்.

சரியானதை எதற்கு வருஷா வருஷம் பார்க்க வேண்டும்? கேட்டால் சிரிப்பார்கள். பார்த்துக்கொண்டால் நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான். அவளுக்கு மட்டும் தெரியாதா என்ன.

அதனால் ஊருக்கெல்லாம் ஐப்பசி என்றால் மழை. தீபாவளி. கடலைக்காய் பிடுங்குவது. கோகிலாமணிக்கு ஐப்பசி என்றால் படம் எடுக்கிற மெஷினின் அந்தக் குளிர்ந்த தட்டு.

மழை வரும். கூடவே பயம் வரும்.

முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ. இருமல் வந்தால் நுரையீரலோ. கேனைத் தூக்கியதால் கை வலிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் குளிக்கப் போனால் விரல்கள் தாமாகவே தேடும். பழைய தழும்பின் ஓரம். அக்குள். கழுத்தெலும்பின் பள்ளம். தேடாதே என்றாலும் தேடும். ஒன்றும் இல்லை என்றால் இன்னொரு முறை தேடும்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிடும். குளியலறைக் கதவைத் தட்டுவார் சென்னியப்பன். "என்ன அம்மணி, இத்தனை நேரம்?"

என்னத்தைச் சொல்வது.

தைரியமாக இருங்கள் என்கிறவர்களைக் கண்டால் அவளுக்குக் கோபம் வரும். நல்லதையே நினையுங்கள் என்கிறவர்களைக் கண்டால் இன்னும் கோபம் வரும். மஞ்சளைப் பாலில் போட்டுக் குடி என்றாள் ஒருத்தி. பால் டெஸ்டரிடம். கோகிலாமணி அன்றைக்கு அவள் பாலுக்கு எண் சொன்ன சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

பயத்தோடு இருக்க முடியவில்லை. கோபத்தோடு இருக்க முடிந்தது. அதனால் கோபமாகவே இருந்தாள்.

ஆனால் இந்தக் கோபத்துக்கெல்லாம் ஒரு பெரிய அக்காள் இருந்தது. நாலு வருஷமாக அவளுக்குள்ளேயே குடியிருந்தது.

முதல் தடவை முடிவு வந்தபோது டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொன்னார். சென்னியப்பனை உள்ளே கூப்பிட்டார். அவர் வெளியே வந்து, "கொழுப்புக் கட்டியாம். சின்ன ஆபரேசன்தான்," என்றார். அவள் நம்பினாள். தினமும் கொழுப்பு பார்க்கிறவள், கொழுப்பு என்றதும் நம்பிவிட்டாள்.

சென்னியப்பன் தன் அண்ணனிடம் சொன்னார். அவளுடைய தம்பியிடம் சொன்னார். பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னார். ஜாதகம் பார்க்கிறவரிடம் சொன்னார். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லித்தான் ஒவ்வொருவருக்கும் சொன்னார்.

பிறகு ஒரு காலை. இதே ஜன்னல். இதே போல மழை. பாலை ஊற்ற வந்த மாரக்காள் ஊற்றாமல் நின்று அழுதாள்.

"உனக்குப் போயி இப்பிடி ஒரு சீக்கு வரோணுமா கண்ணு? நல்லவிங்களுக்குத்தான் வருது பாரு."

கோகிலாமணி சிரித்தாள். கொழுப்புக் கட்டிக்கு எதற்கு அழுகிறாய் அக்கா என்று கேட்டாள். மாரக்காள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஊருக்கே தெரிந்திருந்தது. பால்காரனுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் கலக்கிறவனுக்குத் தெரிந்திருந்தது. மார்பை வைத்திருந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

அன்றைக்கு வரிசை முடியும் வரை நின்று பால் டெஸ்ட் செய்தாள். ஓர் எண்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனாள். கத்தவில்லை. கத்துவதற்குள் ஆபரேஷன் வந்துவிட்டது. அதற்கப்புறம் வாந்தி, மயக்கம், காய்ச்சல். உயிரோடு இருப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. அந்தக் கோபத்துக்கு முறை வரவே இல்லை.

முறை வராத கோபம் போய்விடாது. உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

இந்த வருஷம் படம் எடுக்கப் போகும் முன்பு புருஷனைச் சாமிப் படத்துக்கு முன் நிறுத்தினாள். சென்னிமலை முருகன். அவர் பேரே அந்தச் சாமியின் பேர்தான்.

"எதுவா இருந்தாலும் மொதல்ல எனக்குத்தான் தெரியோணும். நீங்க உள்ள போயிப் பேசிட்டு வந்து எனக்குக் கதை சொல்லக்கூடாது."

"சத்தியமா அம்மணி. மொதல்ல உனக்குத்தான்."

சென்னியப்பன் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வருஷத்துக்கு முன்பே திட்டித் தீர்த்திருப்பாள். பெயின்ட் கடை வைத்திருக்கிறார். யாருக்கும் மட்டமான பெயின்ட்டைக் கொடுக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் அவள் எடுத்த வாந்தியைக் கையில் ஏந்தியவர். அவள் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தபோது, அவள் பார்ப்பதற்குள் தலையணையைத் தட்டி வைத்தவர்.

நாள் பார்ப்பது மட்டும் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. ராகு காலத்தில் ஒரு பக்கெட்கூட வாங்க மாட்டார். எமகண்டத்தில் கடை ஷட்டரைத் தூக்க மாட்டார். அவளுக்கு ஆபரேஷன் வைத்த அன்று டாக்டரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒண்ணரை மணி நேரம் தள்ளி வெச்சுக்கலாமுங்களா?" டாக்டரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரில் பச்சை உடையோடு அவள் ராகு காலம் முடியும் வரை காத்துக் கிடந்தாள். கூரையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது அதுவும் பாசமாகத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை அந்த அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழை, உள்ளே ஏசி. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நின்றாள். படம் எடுக்கிற பெண் சின்னவள். மார்பைப் பிடித்துத் தட்டில் வைத்தாள். காய்கறியை எடைத் தட்டில் வைப்பதுபோல. மேலிருந்து இன்னொரு தட்டு இறங்கியது. அழுத்தியது. இன்னும் அழுத்தியது.

"எத்தன கொழந்தைங்க மேடம்?"

இந்த நேரத்தில் என்ன கேள்வி இது. ஒன்று, பெண், என்றாள்.

"மூச்ச அடக்கிக்கங்க."

அடக்கினாள்.

"விடுங்க."

விடவில்லை. விடச் சொன்னது காதில் விழுந்தது. விட மறந்துவிட்டாள். ஜாக்கெட்டைப் போட்டு, கொக்கியை மாட்டி, புடவையைச் சரிசெய்து, கதவைத் திறக்கும்போதுதான் அந்த மூச்சு வெளியே வந்தது.

அதற்குப் பிறகு செவ்வாய். மழை. "இன்னும் வரல அம்மணி."

புதன். மழை. "இன்னும் வரல அம்மணி."

புதன்கிழமை அவர் சரியாக இல்லை. சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டுப் பிசையாமல் இருந்தார். போன் அடித்தால் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். இந்த ஒன்றுமில்லையை அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முந்தைய ஒன்றுமில்லை இது. அன்றைக்குக் குளியலறையில் அவள் விரல்கள் தேடியது அதிகம். தோல் சிவந்து எரிந்தது.

இன்று வியாழன். வரிசை கலைந்தது. கேன்கள் வண்டியேறின. மெஷினைக் கழுவி வைத்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தானே போன் போட்டாள். ஏன் இத்தனை நாளாகப் போடவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தாள். வீட்டில் எல்லாப் போனையும் அவர்தான் பார்த்துக்கொள்வார்.

"நான் கோகிலாமணி பேசறனுங்க. திங்கக்கெழம மார்புல படம் எடுத்தனுங்க. ரிப்போர்ட் எப்பங்க வரும்?"

"சித்த இருங்க மேடம்." விசைப்பலகையின் தட்டல். "அது நேத்துக் காத்தாலயே ரெடிங்க மேடம். சாருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டமுங்களே. வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்கறேன்னு சொன்னாருங்க."

மழைச் சத்தம் சட்டென்று அதிகமானது மாதிரி இருந்தது.

"என்ன வந்திருக்குதுன்னு அவருகிட்டச் சொன்னீங்களா?"

"அய்யோ, போன்ல அதெல்லாம் சொல்ல மாட்டமுங்க மேடம். ரெடியாயிருச்சுன்னு மட்டுந்தான் சொன்னமுங்க."

அப்படியென்றால் அவருக்கும் தெரியாது. தெரிந்து மறைக்கவில்லை. தெரிந்துகொள்ளவே போகவில்லை. ஏன் போகவில்லை? ஏன் வெள்ளிக்கிழமை?

சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. மாட்டுத் தீவனக் கடைக்காரர் கொடுத்தது. வியாழன். கீழே சின்ன எழுத்தில் நவமி.

அப்படியென்றால் நேற்று அஷ்டமி. நாளை தசமி.

அவ்வளவுதான். அவ்வளவேதான். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் எதையும் தொடக்கூடாது. அதனால் அவள் ரிப்போர்ட்டையும் தொடக்கூடாது. தசமியன்று குளித்து, திருநீறு இட்டு, நல்ல நேரத்தில் போய் வாங்க வேண்டும். அதுவரைக்கும் அது அங்கே மேசை டிராயரில் கிடக்கட்டும். அதுவரைக்கும் இவள் இங்கே கிடக்கட்டும்.

கோபம் வந்தது.

காலில் இருந்து வந்தது. வயிற்றைத் தாண்டி வந்தது. வெட்டித் தைத்த இடத்தைத் தாண்டி வந்தது. நாலு வருஷமாக முறை வராமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய கோபமும் எழுந்து, அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது.

புற்று அஷ்டமி பார்த்தா வந்தது? நல்ல நேரத்தில் முளைத்ததா அது? ராகு காலத்தில் வளராமல் சும்மா இருந்ததா?

சொசைட்டியைப் பூட்டினாள். குடையை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. ஈரோட்டுப் பஸ் சேற்றைத் தெளித்துக்கொண்டு வந்து நின்றது. ஏறினாள்.

பஸ்ஸில் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டு. ஈரத்துணி வாடை. உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். உட்கார்ந்தால் பயம் வந்துவிடும்.

வந்தது. நின்றுகொண்டிருந்தபோதே வந்தது. ரிப்போர்ட்டில் எண் நாலாக இருந்தால்? ஐந்தாக இருந்தால்? திரும்பவும் அந்த ஊசி, அந்தச் சிவப்பு மருந்து, அந்தத் தலையணை. இந்த முறை வலதாக இருந்தால்? இடதுக்கும் வலதுக்கும் என்ன, இரண்டும் அவளுடையதுதான்.

பவானி ஆற்றுப் பாலம் வந்தது. யாரோ ஒரு ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்குள் ஒரு துண்டு வெளிச்சம் விழுந்தது. கலங்கிய தண்ணீர், கரை முழுக்கப் பச்சை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழகாக இருப்பதைப் பார்க்கிற மனநிலையில் இல்லை.

ஆஸ்பத்திரி முழுக்க ரோஸ் நிறப் பலூன். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாம். வாசலில் ஒரு பெரிய படம். அதில் ஒருத்தி பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதற்கு இந்தச் சிரிப்பு? ஒரு பலூன் அவள் முகத்தில் வந்து இடித்தது. கையால் தள்ளினாள். அது திரும்பி வந்து இடித்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். டிராயரைத் திறந்தாள். கவர் இருந்தது. எடுத்தாள். கொடுக்கவில்லை.

"சார் வரலீங்களா மேடம்?"

"இல்ல."

"கூட வேற யாராச்சும்? மகன், தம்பி..."

"எதுக்கு?"

"இல்லீங்க, பேஷண்ட்டு தனியா வந்தா நாங்க பொதுவா..." அந்தப் பெண் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் மேலும் தப்பில்லை. யாரோ அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பதறிவிடுவார்கள், மயங்கி விழுந்துவிடுவார்கள், கூட இருப்பவர்களிடம் கொடு என்று.

கோகிலாமணி கவுன்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றினாள். மழைத் தண்ணீர் முழங்கையிலிருந்து கண்ணாடி மேல் வடிந்தது.

"மாரு என்னுது. வெட்டுனது என்ற ஒடம்ப. தட்டுல வெச்சு நசுக்குனது என்னைய. அப்பல்லாம் கூட யாருன்னு நீங்க கேக்கல. கவர மட்டும் எதுக்கு இன்னொருத்தர் கையில குடுக்கறீங்க? இங்க குடு சாமி."

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், தலையில் துணி கட்டியிருந்தவள், தரையைப் பார்க்காமல் நேராக இவளைப் பார்த்தாள். தலையை ஒருமுறை ஆட்டினாள்.

கவர் கைக்கு வந்தது.

"போன் நம்பர் மாத்தோணும்," என்றாள். "அவரோட நம்பர எடுத்துருங்க. என்னோடத எழுதுங்க." சொன்னாள். திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல். மழை விட்டிருந்தது. மேகத்துக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம், பால் வெளிச்சம், கண்ணாடியில் வந்து நின்றது. அங்கே நின்று கவரைப் பிரித்தாள்.

எல்லாம் இங்கிலீஷ். அவளுக்கு அது வேண்டியதில்லை. போன வருஷம் டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார், அவள் விடாமல் கேட்டதால் சொல்லிக் கொடுத்தார். கடைசி வரியில் ஓர் எண் இருக்கும். ஒன்று, இரண்டு என்றால் பயமில்லை. மூன்று என்றால் ஆறு மாதத்தில் திரும்ப வர வேண்டும். நாலு, ஐந்து என்றால் ஊசி குத்திச் சதையை எடுத்துப் பார்ப்பார்கள்.

எண் அவளுக்குத் தெரிந்த பாஷை. கடைசி வரிக்குப் போனாள்.

இரண்டு.

மறுபடி பார்த்தாள். சந்தேகமான பாலை இன்னொரு தடவை மெஷினில் வைக்கிற மாதிரி, முதல் வரியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். பெயர் அவள் பெயர். வயது அவள் வயது. இரண்டு.

படியில் உட்கார்ந்தாள். மூச்சு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வராத மூச்செல்லாம் வந்தது.

சந்தோஷம் வரும் என்று பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்துக்கூட இருந்தாள். அழுகை வந்தது. அழுகையோடு வந்ததும் கோபம்தான்.

இந்த இரண்டு நேற்றே இங்கே இருந்தது. நேற்று அவள் குளியலறையில் தோல் சிவக்கத் தேடியபோது இருந்தது. நேற்று மகளுக்குப் போன் போட்டு, உன் அப்பாவைப் பார்த்துக்கொள் என்று சம்பந்தமில்லாமல் சொன்னபோது இருந்தது. தன் நகைகளில் எது எதை யாருக்குக் கொடுப்பது என்று மனசுக்குள் பிரித்து வைத்தபோது, ஒரு டிராயருக்குள், ஒரு கவருக்குள், இரண்டு என்று சும்மா கிடந்தது.

மாடிக்குப் போய் டாக்டரிடம் காட்டினாள். நல்லா இருக்கும்மா, பழைய தழும்பு மட்டும்தான், அடுத்த வருஷம் வாங்க என்றார். பிறகு கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "கூட யாரு வந்திருக்காங்க?"

"நான் வந்திருக்கறனுங்க," என்றாள் கோகிலாமணி.

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். ரசம் வைத்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. மத்தியானம் சென்னியப்பன் சாப்பிட வந்தார். சட்டையில் பச்சைப் பெயின்ட். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பியவர், மேசை மேல் கவரைப் பார்த்தார். ஆஸ்பத்திரியின் பெயர் போட்ட கவர். பிரித்த கவர்.

"எப்பப் போன அம்மணி?"

"பால் வண்டி போனதும்."

"தனியாவா?"

"ஆமா."

"நாளைக்கு நானே..." பாதியில் விட்டார். "என்ன சொன்னாங்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நவமிங்க. நல்ல சேதியும் சொல்லக்கூடாது, கெட்ட சேதியும் சொல்லக்கூடாது. நாளைக்குத் தசமி. நாளைக்குச் சொல்றன்."

சென்னியப்பன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கவர் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை.

அவள் ஒரு தட்டை எடுத்தாள். ஒரே ஒரு தட்டு. சோற்றைப் போட்டாள். ரசத்தை ஊற்றினாள். அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட்டதில்லை. ரசம் நன்றாக இருந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் நாக்குக்கு உப்பு தெரிந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்தது. கை, மேசை விளிம்பைப் பிடித்தது, விட்டது, பிடித்தது. அவள் பார்க்காத மாதிரி பார்த்தாள். பாருங்கள். இப்படித்தான் இருந்தது. உங்களுக்கு இது ஒரு வாய்ச் சோறு தின்கிற நேரம். எனக்கு இது நேற்றும் இன்றும்.

"கெட்டதா அம்மணி?" குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

அவள் மென்றாள். விழுங்கினாள்.

"போன் வந்துச்சு," என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். "ரெடின்னு சொன்னாங்க. பயமாப்போச்சு எனக்கு. காலண்டரப் பாத்தன். அஷ்டமின்னு போட்டிருந்துச்சு. அதப் பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு அம்மணி. நெசமாச் சொல்றன். தசமி வரைக்கும் பிரிக்க வேண்டீதில்ல, தசமி வரைக்கும் ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கலாம்னு இருந்துச்சு."

கோகிலாமணியின் கை தட்டில் நின்றது.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. நாள் பார்க்கிற பைத்தியம் என்று நினைத்திருந்தாள். பயந்தவர் ஒளிந்துகொள்ள ஓர் இடம் தேடியிருக்கிறார். காலண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அதற்காகக் கோபம் குறையவில்லை. இன்னும் நேராக எழுந்து நின்றது.

"உங்களுக்கு அப்பாடான்னு இருந்துச்சு. சரி. எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு ஒரு நிமிசம் நெனச்சீங்களா? நீங்க நிம்மதியா இருந்த நேரமெல்லாம் என்ற நேரமுங்க. என்ற கிட்டக் கேக்காம எடுத்துக்கிட்டீங்க. போன தடவையும் அப்பிடித்தான் எடுத்துக்கிட்டீங்க. ஊருக்கெல்லாம் பங்கு போட்டுட்டு எனக்குக் கொழுப்புக் கட்டின்னீங்க. மாரக்கா வந்து அழுதுதானுங்க எனக்குத் தெரிஞ்சுது. பால் ஜன்னல்ல நின்னு தெரிஞ்சுக்கிட்டன் நான்."

கத்தினாள். நாலு வருஷத்துக்கு முன் கத்தியிருக்க வேண்டியதை எல்லாம் இப்போது கத்தினாள். பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். கேட்கட்டும். முன்பு அவளுக்குத் தெரியாமல் கேட்டார்கள், இப்போது தெரிந்தே கேட்கட்டும்.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் தட்டு பறந்திருக்கும்.

மூச்சு வாங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"ரெண்டு," என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "ரெண்டுன்னா?"

அவளுக்கு நம்ப முடியவில்லை. "நாலு வருசமா என்ற கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. எந்த நாள்ல எந்த நேரம் ஆகாதுன்னு நிமிசக் கணக்காத் தெரியுது. ரெண்டுன்னா என்னன்னு தெரியலையா?"

தெரியவில்லை. தலையை ஆட்டினார். கண் அவள் முகத்திலேயே இருந்தது, அவள் வாயிலிருந்து என்ன விழப்போகிறது என்று. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று எண்ணுக்குக் காத்திருக்கிறவர்களின் முகம் அது.

"ரெண்டுன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். வரல. திரும்பி வரல."

சென்னியப்பன் அழுதார். சத்தம் வராமல் ஆரம்பித்து, சத்தத்தோடு அழுதார். பச்சைப் பெயின்ட் பட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் எழுந்து போய் ஆற்றவில்லை. தோளைத் தொடவில்லை. அவர் அழுவதை உட்கார்ந்து பார்த்தாள். அவள் படியில் அழுதபோது பக்கத்தில் யாரும் இல்லை.

"நம்பர மாத்தீட்டன்," என்றாள். "அடுத்த ஐப்பசிக்கு ஆஸ்பத்திரிப் போன் எனக்குத்தான் வரும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடி வாங்கிய பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"வந்தா எனக்குச் சொல்லுவியா அம்மணி?"

"வந்த நிமிசமே சொல்லுவன். அஷ்டமியா இருந்தாலும் சரி, எந்த எளவா இருந்தாலும் சரி. ரெண்டுன்னா ரெண்டு. நாலுன்னா நாலு. மூஞ்சியப் பாத்துச் சொல்லுவன். நீங்க கேட்டுத்தான் ஆகோணும்."

திட்டுகிற மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்துபோய் இன்னொரு தட்டை எடுத்து வந்தாள். சத்தம் வரும்படி அவர் முன்னால் வைத்தாள். சோற்றைப் போட்டாள்.

அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். அவள் ரசச் சட்டியை மட்டும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.